ஆபீஸ் நெட்டில் டோரண்ட் ஓடியதாக மெயில் வந்திருக்கிறது, என்ன செய்வதுங்க?

பனியன்_ஊர்க்காரன்

வணக்கமுங்க. திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் சின்னதாக எம்பிராய்டரி ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். மூன்று மெஷின், பஞ்சிங்குக்கு (டிசைனை மெஷின் தைக்கிற ஃபைலாக மாற்றுகிற வேலை) ஒரு கம்ப்யூட்டர், பில் போட இன்னொன்று, அவ்வளவுதான். நேற்று மத்தியானம் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து, நெட் கொடுத்திருக்கிற கேபிள்காரர் வாட்ஸப்பில் ஒரு மெயிலை அனுப்பி, "அண்ணா இது உங்க லைன்தானுங்களே, என்னன்னு பாருங்க, மேல இருந்து கேட்கறாங்க" என்று போட்டிருந்தார்.

மெயில் முழுக்க இங்கிலீஷ். எங்கள் ஐபி நம்பர் (நெட் லைனின் விலாசமாம்), போர்ட் என்று இன்னொரு நம்பர், ஒரு இங்கிலீஷ் படத்தின் பெயர், நாற்பது எழுத்தில் தலையும் வாலும் புரியாத ஏதோ குறியீடு, நேரம் 17:52. இந்தப் படத்தை உங்கள் இணைப்பிலிருந்து பகிர்ந்திருக்கிறார்கள், நிறுத்துங்கள் என்று எழுதியிருக்கிறது. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் பஞ்சிங் கம்ப்யூட்டரில் உட்காருவது பஞ்சிங் தம்பி மட்டும்தான் என்பதால் அவனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டுவிட்டேன். நான் இல்லை என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனவன் இன்றைக்கு வேலைக்கு வரவில்லை.

கேள்வி என்னவென்றால், இது நிஜ நோட்டீஸா, இல்லை காசு பறிக்கிற வேலையா? யாரோ படத்தை இறக்கித்தானே பார்த்திருக்கிறார்கள், சிடி போட்டு விற்கவில்லையே, அதற்குப் போலீஸ் வரை போவார்களா? அதைவிட எனக்குப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அந்த கம்ப்யூட்டரில் பையருடைய (சரக்கு வாங்குகிறவர்) லோகோ, இன்னும் மார்க்கெட்டுக்கே வராத டிசைன், மெஷினில் ஏற்றுகிற டிஎஸ்டி ஃபைல் எல்லாம் கிடக்கிறது. டோரண்ட் வழியாக அதுவும் வெளியே போயிருக்குமா? போயிருந்தால் ஆர்டர் கொடுக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனி என்னை வாசப்படி மிதிக்க விடாது. கம்ப்யூட்டர் விவகாரம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. பஞ்சிங் சாஃப்ட்வேரையே எங்க அக்கா பையன் லீவில் வந்தபோது நெட்டில் எடுத்துப் போட்டுக் கொடுத்தான், அது நன்றாகத்தான் ஓடுகிறது.

கோபி_வாய்க்கால்

அண்ணா, முதல் வேலையாக அந்தத் தம்பிக்கு போன் போட்டு மன்னிப்புக் கேளுங்க. மெயிலில் நேரத்துக்குப் பக்கத்தில் யுடிசி (உலகப் பொது நேரம்) என்றோ வெறும் இசட் என்றோ இருக்கும், பாருங்க. இந்த மாதிரி நோட்டீஸ் பெரும்பாலும் அந்த நேரக் கணக்கில்தான் வரும், நம்ம கணக்குக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் ராத்திரி 11:22. அந்நேரத்துக்கு யாரும் உட்கார்ந்து படம் இறக்கியிருக்க வேண்டியதில்லை, கம்ப்யூட்டர் ஆன் ஆகி இருந்தாலே போதும், அது தானாகவே கொடுத்துக்கொண்டிருந்திருக்கும்.

கொடுத்துக்கொண்டு என்றுதான் சொல்கிறேன், வாங்கிக்கொண்டு என்று இல்லை. நீங்கள் "இறக்கித்தானே பார்த்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்க, குழப்பமே அங்கேதான். 2001இல் பிராம் கோஹன் என்பவர் பிட்டோரண்டை, அதாவது இந்த டோரண்ட் ஓடுகிற முறையை, எழுதினதற்கே காரணம், ஒரே சர்வர் தலையில் எல்லாச் சுமையையும் ஏற்றக் கூடாது என்பதுதான். ஃபைலைத் துண்டு துண்டாக்கிவிடுகிறார்கள், உங்கள் கைக்கு ஒரு துண்டு வந்து சேர்ந்ததும் அடுத்து கேட்கிறவனுக்கு நீங்கள் அதைக் கொடுக்கிறீர்கள், முழுப் படமும் இறங்கின பிறகும் யாராவது நிறுத்துகிற வரைக்கும் கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள். இதைத்தான் சீடிங் என்பது. திரையில் அந்தப் பெட்டியை மூடினால் நின்றுவிட்டது என்று நினைக்காதீங்க, பல கிளையண்ட் (டோரண்ட் ஓட்டுகிற சாஃப்ட்வேர்) கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய்ச் சின்னதாக உட்கார்ந்துகொள்ளும், விண்டோஸ் ஆன் ஆகும்போது அதுவும் சேர்ந்து எழுந்துகொள்ளும்.

சரி, உங்கள் ஐபி அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? ஹேக் எதுவும் பண்ணவில்லை. யாரிடம் துண்டு இருக்கிறது என்று தெரிந்தால்தானே வாங்க முடியும், அதனால் அந்தப் படத்தை வைத்திருக்கிற எல்லோருடைய ஐபியும் போர்ட்டும் மற்ற எல்லோருக்கும் தெரிந்தே ஆக வேண்டும். கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி, ஊரும் பேரும் எழுதாமல் உள்ளே வர முடியாது. ஆனால் இந்த நோட்டு பந்தலில் இருக்கிற எல்லோர் கையிலும் ஒவ்வொரு காப்பி இருக்கும். படக் கம்பெனிக்காக வேலை பார்க்கிறவர்களும் விருந்தாளி மாதிரி உள்ளே வந்து நோட்டைக் காப்பி எடுத்துக்கொண்டு போவார்கள். பிரான்சில் சில ஆராய்ச்சியாளர்கள் 2010இல் இதைச் செய்தே காட்டினார்கள், 103 நாளில் 14.8 கோடி ஐபி சேர்த்தார்கள். அந்த நாற்பது எழுத்துக் குறியீடு அந்த டோரண்டின் கைரேகை. உங்கள் கம்ப்யூட்டரில் ஃபைல் பெயரை அம்மன் பாட்டு என்று மாற்றி வைத்தாலும் அது மாறாது.

இன்னொன்று. உங்கள் ஆபீஸில் சிசிடிவியை போனில் பார்க்கிறதுக்காக ஸ்டாடிக் ஐபி, அதாவது உங்களுக்கே என்று மாறாத ஐபி, வாங்கியிருப்பீங்களே? வீட்டு இணைப்புகளில் பல இடங்களில் ஒரே ஐபியை நூற்றுக்கணக்கான பேருக்குப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள், அதில் யார் என்று கண்டுபிடிக்க போர்ட், நேரம் எல்லாம் வைத்து லாக்கில் (யாருக்கு எப்போது எந்த ஐபி என்ற பதிவேடு) தேட வேண்டும். ஸ்டாடிக் ஐபியில் அந்தச் சிரமமே இல்லை, நேராக உங்கள் கதவு நம்பர். லாக்கும் சும்மா அழிந்துவிடாது, 2021 டிசம்பரிலிருந்து இரண்டு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று நெட் கம்பெனிகளின் லைசென்ஸ் விதியையே மாற்றிவிட்டார்கள்.

மெயிலில் காசு கட்டச் சொல்லி லிங்க் இருந்தால் தொடாதீங்க. லிங்க் இல்லாமல், ஐபி, போர்ட், நேரம் மூன்றும் சரியாக இருந்தால் நிஜமாக இருக்கத்தான் வாய்ப்பு எச்சு.

வாலாங்குளம்

இதுக்கெல்லாம் இவ்வளவு பயமா. ஒரு விபிஎன் போட்டு விடுங்க, முடிஞ்சது.

கோபி_வாய்க்கால்

@வாலாங்குளம் முடியாதுங்க. விபிஎன் என்பது உங்கள் நெட்டை இன்னொரு கம்பெனியின் சர்வர் வழியாகச் சுற்றிவிடுகிறது. அதைப் போட்டால் பந்தலில் உங்கள் ஊர் பேருக்குப் பதில் அவன் ஊர் பேர் எழுதப்படும், அவ்வளவுதான். உங்களைப் பற்றித் தெரிந்தவன் கேபிள்காரர் இல்லாமல் விபிஎன்காரன் ஆகிவிடுகிறான். நடுவில் ஒரு நிமிஷம் விபிஎன் அறுந்தால் டோரண்ட் காத்திருக்காது, பழைய ஐபியிலேயே தொடர்ந்து ஓடும், அந்த ஒரு நிமிஷமே நோட்டீஸுக்குப் போதும். ஐபியில் இரண்டு ரகம் உண்டு, பழைய ஐபிவி4 மட்டும் விபிஎன்னில் போய், புது ஐபிவி6 அது பாட்டுக்கு வெளியே போகிற கூத்தையும் பார்த்திருக்கிறேன். இந்தியாவில் சர்வர் வைத்திருக்கிற விபிஎன் என்றால் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் செர்ட்-இன் (மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) சொல்லிவிட்டது, அது பிடிக்காமல் சில கம்பெனிகள் சர்வரை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போயின. இலவச விபிஎன் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஹோலா என்று ஒன்று, இலவசமாகப் போட்டவர்களின் லைனையே மற்றவர்கள் வெளியே போகிற வழியாக விற்றது 2015இல் தெரிய வந்தது. ஊரான் செய்கிற வேலைக்கெல்லாம் உங்கள் ஐபி பதில் சொல்ல வேண்டியதாகிவிடும்.

எல்லாம் போகட்டும், அடுத்தவன் படத்தைக் கொடுக்கிறது தப்பு என்பது விபிஎன் போட்டதும் சரியாகிவிடுமா?

பெருந்துறை_டு_டோர்ட்முண்ட்

அண்ணா, நான் இதில் அனுபவஸ்தன், அனுபவத்துக்குக் கட்டின ஃபீஸும் கொஞ்சம் அதிகம். ஜெர்மனிக்குப் படிக்க வந்த புதுசு. ஊரில் இருக்கும்போது ஒரு இங்கிலீஷ் சீரியலை டோரண்டில் போட்டிருந்தேன், பாதி இறங்கினதோடு விமானம் ஏறிவிட்டேன், சுத்தமாக மறந்தும்விட்டேன். இங்கே ரூமுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து வைஃபை போட்டு, அம்மாவுக்கு வீடியோ காலில் பனியைக் காட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் அது பாட்டுக்கு மிச்சத்தை இறக்கிக்கொண்டும் கொடுத்துக்கொண்டும் இருந்திருக்கிறது. சில வாரம் கழித்து நெட் கனெக்ஷன் யார் பெயரில் இருந்ததோ அந்த ரூம்மேட்டுக்கு வக்கீல் ஆபீஸிலிருந்து தடிமனாக ஒரு கவர். இங்கே அதற்கு ஆப்மானுங் என்று பெயர். இனிமேல் செய்ய மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டு 900 யூரோ சொச்சம் கட்டு என்று. அவன் நல்லவன், தெலுங்குப் பையன், ஒரு வார்த்தை திட்டாமல் கவரை என் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். திட்டியிருந்தால் தேவலை.

பாதிதான் இறங்கியது, நான் கொடுத்ததும் துண்டுதானே, ஒரு துண்டை வைத்து யாராலும் பார்க்க முடியாதே என்று நானும் வியாக்கியானம் பண்ணினேன். அதெல்லாம் எடுபடாது, 2017 டிசம்பரில் இந்த நாட்டு உச்ச நீதிமன்றம் துண்டு துண்டாகக் கொடுத்தாலும் எல்லோரும் சேர்ந்து கொடுத்ததுதான் என்று சொல்லிவிட்டது என்றார்கள். யூனிவர்சிட்டி மாணவர் அமைப்பில் சட்ட ஆலோசனைக்குப் போனேன், அவர்கள் அனுப்பின தாளில் அப்படியே கையெழுத்துப் போடாதே, திருத்தி எழுதிக் கொடு என்று சொல்லிக் கொடுத்தார்கள். கடைசியில் பேசி 500 யூரோவில் முடிந்தது. திருப்பூரிலிருந்து ஃபேர் அது இது என்று ஐரோப்பா வருகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கிளம்புவதற்கு முன்னால் அந்தக் கடிகார மூலையைப் பார்த்துவிட்டு லேப்டாப்பைப் பையில் வையுங்கள்.

கருப்புக்கோட்டு

கோவையில் வக்கீலாக இருக்கிறேன். பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் வழக்குக்கு என்று எடுத்துக்கொள்ளாமல் பக்கத்தில் யாரையாவது நேரில் பாருங்கள்.

பனியன் அண்ணா, எல்லோரும் படத்தைப் பற்றியே பேசுகிறார்கள். நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதைப் படித்ததும்தான் பக்கென்று ஆனது. பஞ்சிங் சாஃப்ட்வேரை நெட்டில் எடுத்துப் போட்டான் என்றால், காசு கொடுத்து வாங்கவில்லை, கிராக், அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி தானே?

படத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1957 காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் பிரிவு 63, ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிட் புரோ என்கிற வழக்கில் (பெயரைப் பார்த்தால் திருப்பூர் வழக்கு மாதிரி இருக்கும், இல்லை, டெல்லி) இது வாரண்ட் இல்லாமல் போலீஸ் நடவடிக்கை எடுக்கக் கூடிய, ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவிலேயே ஒரு விலக்கு உண்டு, வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் காரணம் எழுதிவிட்டுத் தண்டனையைக் குறைக்கலாம். நடைமுறையில் இங்கே படக் கம்பெனிகள் குறி வைப்பது பெரும்பாலும் தளம் நடத்துகிறவர்களையும் முதலில் ஏற்றுகிறவர்களையும்தான். யார் என்றே தெரியாதவர்கள் மேல் முன்கூட்டியே தடை வாங்குவார்கள், அதை எங்கள் வட்டாரத்தில் அசோக் குமார் ஆர்டர் என்போம். 2012இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கின ஒன்றை வைத்து இணைய நிறுவனங்கள் முழுத் தளங்களையே மூடி, பிறகு குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் மூடினால் போதும் என்று நீதிமன்றம் விளக்க வேண்டி வந்தது. வாட்ஸப்பில் சுற்றுகிறதே, படச் செலவில் 5 சதவீதம் அபராதம் என்று, அது 2023இல் ஒளிப்பதிவுச் (சினிமாட்டோகிராஃப்) சட்டத்தில் வந்த திருத்தம், தியேட்டரில் கேமரா வைத்துத் திருடுகிறவர்கள், திருட்டுப் பிரதியை லாபத்துக்குப் போட்டுக் காட்டுகிறவர்கள் விவகாரம், உங்களுக்கு அது இல்லை.

இப்போது சாஃப்ட்வேர். பிரிவு 63பி. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று வருஷம், அபராதம் 50,000 முதல் 2 லட்சம். இதிலும் விலக்கு உண்டு, தொழில் லாபத்துக்காக இல்லை என்றால் சிறை இல்லாமல் அபராதத்தோடு விடலாம். வீட்டில் பையன் விளையாட்டுக்குப் போட்டிருந்தால் அதைச் சொல்லலாம். நீங்கள் அதில் பஞ்சிங் போட்டுப் பீஸுக்கு இவ்வளவு என்று பில் போடுகிறீர்களே அண்ணா, எதைச் சொல்லி விலக்குக் கேட்பது? சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வாரண்ட் இல்லாமலே பிரதியையும் அதைச் செய்யப் பயன்பட்ட பொருளையும் கைப்பற்றலாம் என்று பிரிவு 64 இருக்கிறது. கம்ப்யூட்டர் போனால் டிசைனும் சேர்ந்து போகும். பையர் தரப்பில் ஆடிட் வந்து லைசென்ஸ் பில் எங்கே என்று கேட்டால் அது தனிக் கதை.

படக் கம்பெனி தரப்பில் வந்த நோட்டீஸைப் பயந்து அழித்துவிடாதீர்கள், பத்திரமாக வையுங்கள். கேபிள்காரருக்கு, எந்த மெஷின் என்று பார்த்து நிறுத்திவிட்டோம் என்று சுருக்கமாக எழுதினால் போதும், கதை எழுத வேண்டாம்.

ஹாஸ்டல்_முருங்கை

டிசைன் வெளியே போயிருக்குமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. டோரண்டில் அந்தந்த டோரண்டுக்குள் இருப்பது மட்டும்தான் போகும், பக்கத்து ஃபோல்டர் போகாது. ஆனால் எல்லா ஷேரிங்கும் அப்படி இல்லை. நான் கோவைப் பக்கம் இன்ஜினியரிங் படித்தபோது ஹாஸ்டல் முழுக்க டிசி++ ஓடும், ஒருத்தர் ஷேரில் போட்ட ஃபோல்டரை மற்றவர்கள் எடுத்துக்கொள்கிற சாஃப்ட்வேர். இவ்வளவு ஜிபி ஷேர் பண்ணினால்தான் ஹப் என்கிற குழுவில் சேர்ப்பார்கள் என்பதால் பசங்கள் யோசிக்காமல் டி டிரைவையே தூக்கி ஷேரில் போட்டுவிடுவார்கள். ஒருத்தன் அக்கா கல்யாண போட்டோ, அப்பாவின் பேங்க் லோன் பேப்பர், அவனே ஒரு பெண்ணுக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதம், எல்லாம் மூன்று பிளாக்கும் படித்தது. கடிதத்தில் எழுத்துப் பிழை திருத்திக் கொடுத்தவர்களும் உண்டு. சிரித்தோம், ஆனால் அவன் அந்த செமஸ்டர் மெஸ்ஸுக்குச் சாப்பிடவே வரவில்லை. அமெரிக்காவில் 2010இல் வர்த்தக ஆணையம் கிட்டத்தட்ட நூறு அமைப்புகளுக்கு, உங்கள் வாடிக்கையாளர், ஊழியர் விவரமெல்லாம் இந்த மாதிரி ஷேரிங்கில் கிடக்கிறது என்று கடிதம் எழுத வேண்டி வந்தது.

அதனால் டோரண்ட் கிளையண்ட் மட்டும்தான் இருக்கிறதா, வேறு ஏதாவது ஷேரிங் சாஃப்ட்வேரும் இருக்கிறதா என்று பாருங்க. அப்புறம் உங்கள் டிசைன் ஃபைலுக்கு உண்மையான ஆபத்து படம் இல்லை, அந்த கிராக்தான். போடும்போது "ஆன்டி வைரஸை நிறுத்திவிட்டுப் போடு" என்று சொல்லியிருப்பான், பையன் நிறுத்தியிருப்பான், திரும்பப் போட்டானா என்று கேளுங்க. ஃபைலை எல்லாம் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற ஸ்டாப் டிஜேவியூ மாதிரி ரான்சம்வேர் நிறைய பேருக்கு வந்தது கிராக், கீஜென் (திருட்டு லைசென்ஸ் நம்பர் போட்டுத் தருகிற சாஃப்ட்வேர்) வழியாகத்தான். சத்தமே போடாமல் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டை மட்டும் அள்ளிக்கொண்டு போகிற ரகமும் இருக்கிறது, அது வந்து போனது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

பனியன்_ஊர்க்காரன்

எல்லோருக்கும் நன்றிங்க. நேற்று ராத்திரியே போய்ப் பார்த்தேன். கோபி தம்பி சொன்ன மாதிரியே, நேரத்துக்குப் பக்கத்தில் குட்டியாக யுடிசி. கடிகார மூலையில் பச்சையாக ஒன்று உட்கார்ந்திருந்தது. திறந்தால் அந்தப் படமும் பஞ்சிங் சாஃப்ட்வேரும் இரண்டும் சீடிங் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. படம் 4 ஜிபி, வெளியே போனது 171 ஜிபி. இந்த இரண்டு மாதமாக சிசிடிவி போனில் தெரியவில்லை, திக்கித் திக்கி வருகிறது என்று கேபிள்காரரிடம் நான் எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன்! மனுஷன் ஒயரை மாற்றினார், பெட்டியை மாற்றினார், கடைசியில் நெட் என் வாசலில் இருந்தே ஊருக்கெல்லாம் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அக்கா பையனுக்கு போன் போட்டேன். "மாமா, சீட் பண்ணலைன்னா ரேஷியோ போயிடும்" என்கிறான். இறக்கினதுக்கு எவ்வளவு திருப்பிக் கொடுத்தான் என்கிற கணக்காம். அவன் ரேஷியோவுக்கு என் கதவு நம்பர். வக்கீலம்மா சொன்னதைப் படித்துக் காட்டினேன், அப்புறம் பேச்சு இல்லை. ஆன்டி வைரஸ் அன்றைக்கு நிறுத்தினது நிறுத்தினதுதான், மறுபடி போடவே இல்லை. அதே கம்ப்யூட்டர் பிரவுசரில்தான் ஜிஎஸ்டி, பேங்க், மெயில் எல்லா பாஸ்வேர்டும் கிடந்தது. வீட்டில் என் போனில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றி முடிக்க ராத்திரி ஒரு மணி ஆகிவிட்டது. டிசைன் ஃபைல் மட்டும் தனியாகக் காப்பி எடுத்தாச்சு, கம்ப்யூட்டரை நெட்டில் இருந்து கழற்றி வைத்திருக்கிறேன். இப்போது பிரச்சினை, நாளைக்கு 1,200 பீஸுக்குப் புது லோகோ போட வேண்டும், சாஃப்ட்வேர் விலை கேட்டால் ஒரு செகண்ட்ஸ் மெஷினே வாங்கிவிடலாம் போல.

நூல்கண்டு_அக்கா

தம்பி, ஈரோட்டில் பஞ்சிங் பண்ணிக் கொடுக்கிறேன், பதினோரு வருஷமாக. இங்க்ஸ்டிச் என்று ஒன்று இருக்கிறது, படம் வரைகிற இங்க்ஸ்கேப் சாஃப்ட்வேருக்குள் போட்டுக்கொள்கிற சேர்ப்பு, இரண்டுமே இலவசம், முறையாக இலவசம். சாட்டின், ஃபில், ரன்னிங் தையல் எல்லாம் வரும், டிஎஸ்டி ஆகவே சேமிக்கலாம். காசு கொடுத்து வாங்குகிற சாஃப்ட்வேரின் சுகம் இருக்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பழகுகிற வரைக்கும் கோபம் வரும், நெஞ்சு முழுக்க வருகிற பெரிய டிசைனுக்கு நேரம் இழுக்கும். சின்ன மார்பு லோகோ, பெயர் எழுத்து என்றால் நான் அதிலேயே முடித்துவிடுகிறேன். முதலில் ஸ்கிராப் துணியில் ஒரு சேம்பிள் ஓட்டிப் பார்த்துவிட்டு மெஷினில் ஏற்றுங்க, புல் காம்பன்சேஷன் (தையல் துணியை இழுக்கிறதுக்கு ஈடாகக் கூட்டி வைக்கிற அளவு) சரியாக வைக்கவில்லை என்றால் பனியன் துணியில் எழுத்து ஒடுங்கிவிடும். நாளைக்கு லோகோ அவசரம் என்றால் படத்தை அனுப்புங்க, நான் போட்டுத் தருகிறேன், காசு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பையனைக் கூப்பிட்டீங்களா இல்லையா?

பனியன்_ஊர்க்காரன்

போன் எடுக்கவில்லை அக்கா, காலையில் வீட்டுக்கே போனேன். அவங்க அம்மா காபி கொடுத்தாங்க, அவன் பேசவே இல்லை. மத்தியானம் வந்துட்டானுங்க. வந்ததும் இங்க்ஸ்டிச்சைக் காட்டினேன், அதில்தான் உட்கார்ந்திருக்கிறான், இரண்டு சேம்பிள் வீணாகிவிட்டது, மூன்றாவது ஓடுகிறது. கேபிள்காரர் பொழுதோட வருகிறேன் என்றிருக்கிறார், அந்த ஒயர் காசை எப்படிக் கொடுப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.